பழைய பிரிட்டிஷ் கறிக்கடையின் டைல் சுவர்களை அளந்து பதிவு செய்வது: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் பல பழைய ஊர்களில், இன்று காபிக் கடையாகவோ துணிக்கடையாகவோ மாறிவிட்ட ஓர் இடத்தின் சுவரில் திடீரென்று ஒரு காளையோ செம்மறி மந்தையோ டைலில் எட்டிப் பார்க்கும். விக்டோரியா காலத்தின் கடைசிப் பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை கட்டிய கறிக்கடைகள் அவை. சில கடைகளில் இன்னமும் கறி வியாபாரம் நடக்கிறது. அப்படி ஒரு கடையை அளந்து, படம் எடுத்து, பின்னால் வருகிறவருக்குப் பயன்படும்படி எழுதி வைப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. உள்ளூர் வரலாற்றுக் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்தவர்களையும் கட்டடக்கலை மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். கதவைத் திறந்ததும் நேராகக் காளைப் படத்திடம் போய், அதை நாற்பது கோணத்தில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் அது எந்தச் சுவரில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தப் பட்டைக்கு மேலே இருந்தது என்று சொல்ல ஒரு படம்கூட இருக்காது. ஒரு டைல் எங்கே பதிந்திருக்கிறது என்பது அதன்மேல் என்ன வரைந்திருக்கிறது என்பதற்குச் சமமான தகவல். அதனால்தான் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்: வெளியிலிருந்து உள்ளே, தரையிலிருந்து மேலே, முழுச் சுவரிலிருந்து தனி டைலுக்கு.

1. போவதற்கு முன் வீட்டில் முடிக்க வேண்டியது

முதலில் அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்து என்றால் தேசிய மரபுப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனிப் பட்டியல்கள். இங்கிலாந்தில் முதல் தரம், இரண்டாம் தரம் நட்சத்திரம், இரண்டாம் தரம் என்று மூன்று படிகள்.

இங்கே நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிற ஒன்று உண்டு. பட்டியல் குறிப்பில் முகப்பைப் பற்றி மட்டும் நாலு வரி இருக்கும், உள்ளே உள்ள டைலைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. உடனே உள்பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி இல்லை. பட்டியலில் கட்டடம் இருந்தால், பதிவிலேயே விலக்கிச் சொல்லியிருந்தால் ஒழிய, உள்சுவரும் அதில் பதிந்த டைலும் சேர்ந்தே பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் அவற்றைப் பெயர்ப்பது குற்றம். கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம், அதனால் பட்டியல் குறிப்பின் நகல் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள்.

அடுத்து, முகவரியின் வரலாறு. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கெல்லி போன்ற பழைய வணிக டைரக்டரிகள் இருக்கும். தெரு வாரியாக, கதவு எண் வாரியாக யார் என்ன தொழில் செய்தார்கள் என்று அவை சொல்லும். சில வருட இடைவெளியில் நாலைந்து பதிப்புகளைப் புரட்டினாலே, கறிக்கடை எப்போது வந்தது, கை எப்போது மாறியது என்று ஒரு சட்டகம் கிடைத்துவிடும். 1880களிலிருந்து தீக் காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கோட் (Goad) நிறுவனம் வரைந்த வரைபடங்கள் உங்கள் ஊருக்கு இருந்தால் அதையும் பாருங்கள்; எந்தக் கட்டடத்தில் என்ன தொழில் என்று அதில் எழுதியிருக்கும். உள்ளாட்சிக்குக் கொடுத்த கட்டட வரைபடம் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம்.

இதை ஏன் முன்பே செய்ய வேண்டும் என்றால், கடைக்குள் நிற்கும்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 1908இல் கடை கை மாறியது என்று தெரிந்துகொண்டு போகிறவர், சுவரில் இரண்டு விதமான வெள்ளை டைல் இருப்பதைக் கவனித்துவிடுவார். தெரியாமல் போகிறவருக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

இரும்பு டேப் ஒன்று (துணி டேப் இழுத்தால் நீளும், வேண்டாம்). லேசர் அளவி இருந்தால் நல்லது, ஆனால் மெருகு (டைலின் மேல் சுட்டு ஏற்றிய கண்ணாடி போன்ற பூச்சு) ஏறிய டைலில் அதன் புள்ளி சில சமயம் தாறுமாறான எண் காட்டும், ஆகவே அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். சின்ன டார்ச். முக்காலியோடு கேமரா. படத்தில் நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் நிற அட்டை. அளவுகோல் பட்டை. கட்டம் போட்ட தாள், பென்சில். சுவரில் தற்காலிகமாக ஒட்டுவதற்கு மென்மையான பெயிண்டர் டேப், அதையும் உறுதியான மெருகு மேல் மட்டும். மெருகு பெயர்ந்துகொண்டிருக்கும் டைலில் டேப் ஒட்டினால் டேப்போடு மெருகும் வந்துவிடும்.

சுத்தியல், உளி, கத்தி எதுவும் வேண்டாம். கையில் இருந்தால் ஏதாவது ஒரு மூலையை நெம்பிப் பார்க்கத் தோன்றும்.

3. கடைக்காரரிடம் பேசுவது

கடை நடத்துபவர் பெரும்பாலும் வாடகைக்காரர், கட்டடம் வேறொருவருடையது. இருவரிடமும் அனுமதி வாங்குங்கள். டைல் கட்டடத்தோடு சேர்ந்தது என்பதால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருப்பது நல்லது. கறி வியாபாரம் நடக்கும் கடை என்றால் சனிக்கிழமை பக்கமே போகாதீர்கள். வாரத் தொடக்கத்தில், அல்லது கடை மூடிய பின், ஒரு முழு நாள் கேளுங்கள்.

உணவு விற்கும் இடம் அது. சுத்தமான செருப்பு, சுத்தமான முக்காலிக் கால்கள், பளிங்குப் பலகை மேல் பை வைக்கக் கூடாது. இதைச் சொல்லவேண்டுமா என்று தோன்றலாம், ஆனால் முதல் பத்து நிமிடத்தில் கடைக்காரருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்தால்தான் பின்பக்கக் குளிர் அறையையும் நிலவறையையும் திறந்துவிடுவார், பல சமயம் முக்கியமான தடயம் அங்கேதான் கிடக்கும்.

4. எதிர்ச் சாரியில் நின்று முகப்பை எழுதுங்கள்

உள்ளே போகாமல் முதலில் தெருவின் அந்தப் பக்கம் நில்லுங்கள். முகப்பைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

சன்னலுக்குக் கீழே உள்ள தடுப்புச் சுவர் பெரும்பாலும் டைல் அல்லது அதைவிடப் பெரிய மெருகிட்ட சுட்டமண் கட்டிகளால் மூடப்பட்டிருக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள். டைல் என்பது மெல்லிய தகடு. சுட்டமண் கட்டி என்பது பின்புறம் குழிவாக, சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டது. பக்கத் தூண்கள், காளைத் தலைச் சிற்பம், பெயர்ப் பலகையைத் தாங்கும் வளைவுகள் எல்லாம் கட்டி வகை. விளிம்பில் அல்லது உடைந்த மூலையில் எவ்வளவு கனம் தெரிகிறது என்று பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

அப்புறம் சன்னல். கறிக்கடைச் சன்னல் மற்றக் கடைகளைப் போல நிலையான கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை. மேலே முழுதும் தூக்கிவிடக்கூடிய சட்டமாக இருக்கலாம், தூக்கினால் உள்ளே உள்ள பளிங்குப் பலகையிலிருந்து தெருவுக்கே வியாபாரம் செய்யலாம். பிற்காலத்தில் அதை அசையாமல் அடைத்திருப்பார்கள். பக்கச் சட்டத்தில் கயிறோ கப்பியோ ஓடிய தடம் இருக்கிறதா பாருங்கள். சன்னலுக்கு மேலே துளையிட்ட இரும்புக் கிராதி இருந்தால் அது காற்றோட்டத்துக்கு: சூடான காற்று மேலேயே வெளியேறும், கறி கெடாது. அதற்கும் மேலே வெயில் மறைப்புத் துணி சுருண்டிருந்த பெட்டி, கறியைத் தொங்கவிட்ட இரும்புக் கம்பி, கொக்கிகள்.

இவை ஒவ்வொன்றும் உள்ளே உள்ள டைலோடு சம்பந்தப்பட்டவை. திறந்த சன்னல் வழியே மழையும் தூசியும் வரும் கடையில் சன்னலுக்குப் பக்கத்துச் சுவர்தான் அதிகம் பழுதாகும், அங்கேதான் மாற்று டைல் இருக்க வாய்ப்பு அதிகம்.

பக்கத்தில் ஒரு சந்து அல்லது வண்டி போகும் வாசல் இருந்தால் அதையும் வரைந்துகொள்ளுங்கள். பழைய கடைகள் பலவற்றில் பின்முற்றத்திலேயே அறுப்புக் கொட்டகை இருந்தது, கால்நடை அந்த வழியாகத்தான் போகும்.

5. உள்ளே போனதும் தலையைக் குனியுங்கள்

சுவரைப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிவிட்டுத் தரையிலிருந்து தொடங்குங்கள். கடையின் பழைய அமைப்பு முழுதும் தரையில்தான் எழுதியிருக்கிறது.

வடிவத் தரை டைல் எங்கே நின்று சாதா டைல் எங்கே தொடங்குகிறதோ, அங்கே ஒரு காலத்தில் விற்பனை மேசை இருந்திருக்கும். வாடிக்கையாளர் பக்கம் அலங்காரம், வெட்டுகிறவர் பக்கம் வெறும் டைல். மேசைக்கு முன்னால் வரிசையில் நின்ற இடத்தில் தேய்மானம் ஒரு பட்டையாகத் தெரியும். கனமான வெட்டுக்கட்டை நின்ற இடத்தில் நான்கு கால் பதிந்த குழி இருக்கலாம். கண்ணாடி போட்ட காசாளர் கூண்டு ஒரு மூலையில் இருந்திருந்தால் அதன் சட்டம் பதிந்த தடம் தரையில் இருக்கும். கறி தொட்ட கையால் காசு தொடக் கூடாது என்று பணம் வாங்குவதற்குத் தனி ஆளை அங்கே உட்கார வைத்தார்கள்.

தரையின் வாட்டத்தையும் பாருங்கள். ரசமட்டத்தை நாலு இடத்தில் வைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்படி போட்டார்கள் என்று தெரிந்துவிடும், அந்தப் பக்கம் தேடினால் அடைத்துவிட்ட வடிகால் கிடைக்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் செங்கோணமாக இல்லாமல் உட்குழிந்த வளைவு டைல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: மூலையில் அழுக்குத் தங்காமல் கழுவுவதற்காகப் போட்டது அது.

இந்தத் தடயங்களை எல்லாம் ஒரே தரைப் படத்தில் வரைந்த பிறகுதான் சுவருக்குப் போக வேண்டும். காரணம் எளிது: விற்பனை மேசை எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான், வாசலில் நுழைந்தவரின் கண் முதலில் எந்தச் சுவரில் விழுந்திருக்கும் என்று தெரியும், படப் பலகையை (பல டைல் சேர்ந்து ஒரே சித்திரமாகும் பகுதியை) அங்கே ஏன் வைத்தார்கள் என்பதும் புரியும்.

6. சுவருக்குப் பெயர், டைலுக்கு எண்

கதவைக் கடந்து உள்ளே நின்று, இடது கைப் பக்கத்துச் சுவரை ‘அ’ என்று வையுங்கள். கடிகாரச் சுற்றில் ஆ, இ, ஈ. வரிசையைக் கீழிருந்து மேலாகவும், நெடுவரிசையை இடமிருந்து வலமாகவும் எண்ணுங்கள். ஆக ‘ஆ-07-12’ என்றால் எதிர்ச் சுவரில் கீழிருந்து ஏழாவது வரிசை, இடமிருந்து பன்னிரண்டாவது டைல். நீங்கள் வேறு முறை வைத்தாலும் பரவாயில்லை, முதல் தாளிலேயே அதை எழுதிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். இரண்டு பேர் இரண்டு சுவரை இரண்டு விதமாக எண்ணி வைத்துவிட்டால் அதைச் சரிசெய்வதைவிட மறுபடி கடைக்குப் போவது சுலபம்.

தரை சரிந்திருக்கும் என்பதால் தரையிலிருந்து உயரத்தை அளக்கக் கூடாது. சுவரில் ஒரு மட்டக்கோட்டை நூலால் பிடித்துக்கொண்டு, எல்லா உயரத்தையும் அதிலிருந்து மேலும் கீழும் அளந்து எழுதுங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சுவர் டைலின் வழக்கமான அளவு 6 அங்குலச் சதுரம், அதாவது 152 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கூடவே 6-க்கு 3 அங்குல அரை டைலும் பட்டைகளும் வரும். இடைவெளி மயிரிழை போலத்தான் இருக்கும். ஆக 10 அடி நீளம், 8 அடி உயரமுள்ள சுவரில் 20-க்கு 16, மொத்தம் 320 டைல். கட்டத்தாளில் ஒரு கட்டம் ஒரு டைல் என்று வைத்துக்கொண்டால் சுவரின் படம் சீக்கிரம் வந்துவிடும்.

இதே அளவுதான் மாற்று டைலையும் காட்டிக்கொடுக்கும். இதற்கு ஈடான இப்போதைய மெட்ரிக் டைல் பெரும்பாலும் 150 மி.மீ. ஒன்றில் 2.4 மி.மீ. தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 20 டைல் சேர்ந்தால் 48 மி.மீ. வந்துவிடும். அதை மறைக்க இடைவெளியை அகலமாக விட்டுப் பதித்திருப்பார்கள். ஆகவே ஒரு வரிசையில் மட்டும் இடைவெளி அகலமாக இருந்தால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அது பிற்காலத்து வேலையாக இருக்கலாம் என்று ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

சுவரின் அடுக்கை மறக்காமல் எழுதுங்கள். வழக்கமாகக் கீழே அடர் பச்சை, பழுப்பு போன்ற நிறத்தில் ஒரு பகுதி, அதை முடிக்கும் புடைப்பு விளிம்பு, மேலே வெள்ளை அல்லது பாலாடை நிறப் பரப்பு, அதற்கு மேலே தோரணமோ இலைக்கொடியோ ஓடும் பட்டை என்று வரும். உங்கள் கடையில் இந்த வரிசை எங்கே முறிகிறதோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது: ஒரு கதவை அடைத்திருப்பார்கள், அல்லது குளிர்பெட்டி வைக்க இடம் எடுத்திருப்பார்கள்.

7. படம் எடுப்பது

முதலில் ஒவ்வொரு சுவரும் முழுதாக ஒரு படம். பிறகு சுவரைப் பாகம் பாகமாக, ஒன்றோடு ஒன்று மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி. அதற்குப் பிறகுதான் தனி டைல். கேமரா சுவருக்கு நேர்செங்குத்தாக, எடுக்கும் பகுதியின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். இடம் கிடைக்கும்வரை பின்னால் தள்ளி நின்று 50 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில் எடுங்கள். அகலக்கோண லென்ஸில் ஓரத்து டைல்கள் இழுபட்டு, பிறகு அளக்கவே உதவாது.

பளபளப்புதான் பெரிய தொல்லை. கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதற்கு அடியில் உள்ள சித்திரம் போச்சு. இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒவ்வொரு விளக்கு வையுங்கள். விளக்கின் முன்னால் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் துருவப் (polarising) படலம், லென்ஸில் அதே வகைத் துருவ வடிகட்டி, அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் பிரதிபலிப்பு ஓர் இடத்தில் அப்படியே அணைந்துவிடும். எடுக்கும் பாகம் ஒவ்வொன்றிலும் சாம்பல் அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும்.

முடிந்ததும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு முறை எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த சுவரில் எது மேடு, எது பள்ளம், எது வேறு கையால் பதித்தது என்பது அப்போதுதான் வெளிப்படும். இந்தப் படத்தைப் பலர் எடுப்பதே இல்லை. எனக்கு மிகவும் உதவியது இந்தப் படம்தான்.

8. எந்த முறையில் செய்த டைல் என்று கண்டுபிடிப்பது

இதற்குக் கைலென்ஸும் விரல்நுனியும் போதும்.

விரலால் தடவும்போது கோடுகள் கயிறு போல மேடாகத் தட்டுப்பட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவில் நிறம் குளம் கட்டி நின்றால், அது களிமண் குழம்பைக் குழாய் வழியே பிழிந்து கோடு போட்டு, இடையில் நிறமெருகு நிரப்பிய வகை. உருவமே அச்சில் புடைத்து, பள்ளத்தில் நிறம் அடர்ந்தும் மேட்டில் வெளிறியும் இருந்தால் அது புடைப்பு டைல்மேல் ஊடுருவும் நிறமெருகு பூசியது. லென்ஸில் மெல்லிய புள்ளியும் கோடும் தெரிந்து, பக்கத்து டைலிலும் அச்சு அசலாக அதே புள்ளி இருந்தால் தாளிலிருந்து மாற்றிப் பதித்த அச்சு. தூரிகை இழுத்த தடமும், ஒரே பூ இரண்டு டைலில் இரண்டு விதமாகவும் இருந்தால் கையால் வரைந்தது.

தரையில் மட்டும் வேறு சோதனை. தேய்ந்த டைலிலும் வடிவம் மங்காமல் அப்படியே இருந்தால், அது மேற்பூச்சு அல்ல. வேறு நிறக் களிமண்ணைக் குழியில் நிரப்பிச் சுட்ட பதிவேலை. ஒரே நிற முக்கோணம், சதுரம், எண்கோணங்களை அடுக்கிச் செய்த வடிவத் தரை அதிலிருந்து வேறு.

ஒரே கடையில் பல முறைகள் கலந்து வரும். பட்டைக்கு அச்சு, விளிம்புக்குப் புடைப்பு, காளைக்கு மட்டும் கைவேலை என்று செலவைப் பார்த்துப் பிரித்திருப்பார்கள். ஆகவே ‘கையால் வரைந்த டைல் சுவர்’ என்று மொத்தமாக எழுதாமல் அடுக்கு வாரியாக எழுதுங்கள்.

9. படப் பலகைகள்

இப்போது காளையிடம் போகலாம். பலகையின் நீள அகலத்தை அங்குலத்தில் அல்ல, டைல் எண்ணிக்கையில் முதலில் எழுதுங்கள்: 6 குறுக்கே, 4 உயரம். சுற்றி உள்ள சட்டப் பட்டை தனி. பலகையின் கட்டம் சுற்றியுள்ள சுவரின் கட்டத்தோடு ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் சுவரோடு சேர்த்தே திட்டமிட்டது. ஓடாமல் சுவர் டைலை வெட்டிப் பலகையை நுழைத்திருந்தால் பின்னால் வந்தது, அல்லது வேறு கடையிலிருந்து கொண்டுவந்தது.

பிறகு படத்தின் கோடுகளை ஒவ்வொரு இணைப்பிலும் பின்தொடருங்கள். காளையின் முதுகுக்கோடு ஓர் இணைப்பில் தாவினால், அந்த டைல் ஒரு சமயம் கழன்று திரும்ப ஒட்டப்பட்டது.

என்னென்ன இருக்கிறது என்பதை எல்லாம் எழுதுங்கள்: மாட்டின் நிறம், கொம்பு, ஆட்டின் முகம், பின்னணியில் என்ன மரம், வேலி, கொட்டில். மாட்டினத்தை அடையாளம் காண முடிந்தால் நல்லது, வெள்ளை முகமும் சிவப்பு உடலும் ஹெர்ஃபோர்ட் இனத்தைக் காட்டும். தெரியாவிட்டால் வர்ணனையோடு நிறுத்துங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. லண்டனில் ஹாரட்ஸ் அங்காடியின் இறைச்சிக் கூடம் ஒரு முனை: 1902இல் டபிள்யூ. ஜே. நீட்பி வடிவமைத்து டோல்டன் நிறுவனம் செய்த டைல்கள், வட்டப் பதக்கங்களுக்குள் வேட்டைக் காட்சியும் பண்ணைக் காட்சியும், மேற்கூரை உட்பட ஒரே திட்டமாக வரைந்தது. மறுமுனையில் பல ஊர்களில் கிளை வைத்த டியூஹர்ஸ்ட் கறிக்கடைகள்: 1920களில் பூல் நகரத்து கார்ட்டர் நிறுவனத்துக்காக ஈ. ஈ. ஸ்ட்ரிக்லண்ட் வரைந்த பண்ணை வரிசை டைல்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். முதலாவது அந்த ஓர் அறைக்காகவே பிறந்தது, இரண்டாவது பல ஊர்களுக்கு ஒரே படம். நீங்கள் பார்க்கும் பலகை எந்தப் பக்கம் சேரும் என்று கேட்டுக்கொண்டாலே அடுத்த கேள்வி தானாக வரும்: பக்கத்து ஊரில் இதே காளை இருக்கிறதா?

10. யார் செய்தது, எப்போது

டைலின் முதுகில் முத்திரை இருக்கும்: மின்டன் ஹாலின்ஸ், மா, கிரேவன் டன்னில், பில்கிங்டன் என்று ஏதாவது ஒரு பெயர், அல்லது அந்த நிறுவனத்துக்கே உரிய வரிப் பள்ளங்கள். ஆனால் சுவரில் இருக்கும் டைலின் முதுகைப் பார்க்க முடியாது, பார்ப்பதற்காகப் பெயர்க்கவும் கூடாது. சிமென்ட் கலவையில் பதிந்த டைல் முழுதாக வருவது அபூர்வம். நிலவறையில், பரணில், குளிர் அறையின் பின்னால் உதிரி டைல் கிடக்கிறதா என்று கேளுங்கள், ஏற்கெனவே உடைந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதுகில் சாய்சதுர முத்திரை இருந்தால் அது 1842இலிருந்து 1883க்குள் பதிவான வடிவம். மூலைகளில் உள்ள எழுத்துகள் வருடத்தையும் மாதத்தையும் குறிக்கும். எழுத்துகள் அகர வரிசைப்படி போகாது, அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். 1884 முதல் சாய்சதுரம் போய் வெறும் பதிவெண் வந்தது. இரண்டுமே வடிவம் பதிவான நாளைச் சொல்கின்றன, டைல் செய்த நாளை அல்ல. நன்றாக விற்ற வடிவத்தைப் பல வருடம் செய்துகொண்டே இருந்தார்கள். ஆக ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று மட்டும் எழுதலாம்.

இன்னொரு கண்ணி: முதுகில் உள்ள பெயர் வெற்று டைலைச் செய்தவருடையது, முன்பக்கம் வரைந்தவருடையதாக இருக்க வேண்டியதில்லை. லண்டனில் டபிள்யூ. பி. சிம்ப்சன் போன்ற நிறுவனங்கள் பிறர் செய்த வெற்று டைலை வாங்கித் தங்கள் கூடத்தில் வரைந்து சுட்டு விற்றன. படத்தின் கீழ் மூலையில் உள்ள பெயரும் அப்படித்தான், அது ஓவியராக இருக்கலாம், பதித்துக் கொடுத்த வியாபாரியாகவும் இருக்கலாம். மூன்று பெயர் கிடைத்தால் மூன்றையும் எங்கே பார்த்தீர்கள் என்பதோடு எழுதுங்கள்.

கடைசியாக இதையும் முகவரி வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைல் ஒரு காலத்தைச் சொல்லி, டைரக்டரி இன்னொன்றைச் சொன்னால், ஏதாவது ஒன்றை அமுக்கிவிடாமல் இரண்டையும் அறிக்கையில் விடுங்கள். (செட்டிநாட்டு வீடுகளில் இங்கிலாந்து டைலும் ஜப்பான் டைலும் கலந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்த முதுகு முத்திரை வேலை அங்கேயும் அப்படியே உதவும்.)

11. சேதத்தைப் படிப்பது

சேதத்தை வெறுமனே ‘உடைந்தது’ என்று எழுதினால் பழுது பார்ப்பவருக்கு உபயோகம் இல்லை. காரணம் தெரிய வேண்டும்.

கொக்கிக் கம்பியின் ஆணி இறங்கிய இடத்தைச் சுற்றி விரிசல் நட்சத்திரமாக ஓடினால், உள்ளே இரும்பு துருப்பிடித்து ஊதி டைலைப் பிளக்கிறது. மெருகு சில்லுச் சில்லாகத் தெறித்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு. சுவரின் ஓதமும் காரணமாக இருக்கலாம், கறிக்கடை என்பதால் இன்னொன்றும் இருக்கலாம்: இறைச்சியை உப்பில் ஊறவைத்த அறையின் சுவர். எந்தச் சுவரில் உப்பு பூக்கிறது என்று தரைப் படத்தோடு ஒப்பிட்டால் அந்த அறை எங்கே இருந்தது என்றுகூடத் தெரியலாம். மெருகுக்குள் மட்டும் வலைபோல ஓடும் மயிரிழை விரிசல் வயதினால் வருவது, தனியாக அதற்கு ஆபத்து இல்லை.

பிறகு விரல் மூட்டால் ஒவ்வொரு டைலையும் மெதுவாகத் தட்டுங்கள். ஒட்டியிருப்பது கெட்டியாக ஒலிக்கும், பிடிப்பு விட்டது ‘டொக்’ என்று வெறுமையாக ஒலிக்கும். வெற்றொலி தரும் டைல்களைப் படத்தில் நிழலிட்டுக்கொண்டே வந்தால், தனித்தனியாகத் தெரிந்தவை ஒரு திட்டாகச் சேர்ந்து, பின்னால் குழாயோ ஒழுகும் மழைநீர்க் குழலோ இருப்பதைக் காட்டும். பெயர்ந்து நிற்கும் டைலைத் தட்டவே தட்டாதீர்கள்.

12. மறைந்திருக்கும் சுவர்

பழைய டைலைப் பலகை அடித்து மறைத்திருந்தால் ஆர்வம் பொங்கும். அந்தப் பலகையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999இல்தான். கல்நார் சோதனை அறிக்கை இல்லாமல் பலகையை அசைக்காதீர்கள், துளை போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், தெரிந்ததை எழுதுங்கள், ‘சுவர் இ, பலகைக்குப் பின்னால் பச்சை டைல் ஒரு வரிசை தெரிகிறது’ என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி பதிவில் இருந்தால், அடுத்த முறை கடையைப் புதுப்பிக்க வருகிற ஒப்பந்தக்காரர் துளையிடும் முன் நிற்பார்.

13. சுத்தம் செய்து பார்க்கலாமா?

பதிவு செய்ய வந்தவர் செய்ய வேண்டாம். எண்ணெய்ப் படலம் சித்திரத்தை மறைத்தால், உறுதியான மெருகுள்ள ஒரே ஒரு டைலில், உரிமையாளர் சம்மதத்தோடு, மென்சோப்பு கலந்த கொஞ்சம் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. அவ்வளவுதான். செங்கல் கழுவும் அமிலம் இணைப்புக் கலவையைத் தின்றுவிடும், இரும்பு நார் மெருகைக் கீறிவிடும். சுரண்டவோ தேய்க்கவோ போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்தக் கால மெருகில் ஈயம் கலந்திருக்கும், அதன் தூசு நல்லதல்ல.

14. யாரிடம் கொடுப்பது

தரைப் படம், நான்கு சுவர்ப் படங்கள், புகைப்படங்கள், எண் முறை விளக்கம், கிடைத்த பெயர்களும் தேதிகளும், சேதக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்குங்கள். படக் கோப்பின் பெயரிலேயே சுவர் எழுத்தும் எண்ணும் இருக்கட்டும். ஒரு பிரதி மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கு; திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது அதிகாரிகள் புரட்டுவது அதைத்தான். ஒரு பிரதி டைல் மற்றும் கட்டடச் சுட்டமண் கலைச் சங்கத்துக்கு; 1981 முதல் இயங்கும் அமைப்பு அது, எங்கே என்ன டைல் இருக்கிறது என்று தொகுத்து வைக்கிறார்கள். ஒரு பிரதி உரிமையாளருக்கு, ஒன்று கடைக்காரருக்கு.

கடைக்காரரின் பிரதியில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேருங்கள்: எந்தெந்த டைல் தளர்ந்திருக்கிறது, எங்கே ஆணி அடிக்கக் கூடாது, உடைந்தால் யாரைக் கேட்பது. பழைய முறையில் மாற்று டைல் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஷ்ராப்ஷயரில் ஜாக்ஃபீல்டில் உள்ள கிரேவன் டன்னில் அதில் ஒன்று. உதிரி டைல் ஏதாவது கிடைத்திருந்தால் அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு அனுப்பவும் அவசரப்பட வேண்டாம். சுவர் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, துணியில் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் போட்டு அந்தக் கட்டடத்திலேயே வைத்துவிட்டு, பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.